முதல் வெள்ளிப் பேருந்து

ஓடும் பேருந்தில் என் அப்பாவைப் போலத் தூங்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. சாய மாட்டார், பக்கத்தில் இருப்பவர் தோளில் விழ மாட்டார், குறட்டை விட மாட்டார். பூசையில் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்தபடியே தூங்குவார். எந்தச் சத்தத்துக்கும் விழிக்க மாட்டார், தோளில் தட்டினால்தான் கண் திறக்கும். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி ஓடிய டவுன் பஸ் நடத்துநர்களுக்கெல்லாம் இது தெரியும். எந்த ஊரில் தட்ட வேண்டும் என்பதையும் அவரைக் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். "கட்டல்ல படுத்தா வராத தூக்கம் பஸ்ஸுல ஏறுனா வந்துருது" என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள்.

அப்பா கத்தோலிக்கக் கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் செய்யாத வேலையெல்லாம் அவர் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவது, சாமியார் வர முடியாத கிளைக் கிராமங்களில் ஞாயிறு செபம் சொல்வது, செத்தவர் வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவது. எங்கள் பங்குக்கு ஏழு கிளைக் கிராமங்கள் இருந்தன. ஏழும் ஏழு திசையில் இருந்தன. அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்து போகிற வரைக்கும் பேருந்து, அப்புறம் நடை. "ஊருக்கெல்லாம் உபதேசம், ஊட்டுக்கு ஒரு நாளாச்சும் உண்டா" என்பதும் அம்மா சொன்னதுதான்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் சாமியாருக்குக் கோயம்புத்தூரில் முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. நொண்டிக்கொண்டு வந்து பூசை வைப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் பொறுப்பை ஆயரிடம் அனுமதி வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தார். நன்மை என்பது பூசையில் கொடுக்கும் வெள்ளை அப்பம். அது அப்பமல்ல, ஆண்டவரேதான் என்பது எங்கள் விசுவாசம். அதை ஒரு சின்னச் சிமிழில் வைத்து, சிமிழைச் சிவப்பு வெல்வெட் பையில் போட்டு, பையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

சிமிழ் நெஞ்சில் ஏறிவிட்டால் அப்பா யாரோடும் பேச மாட்டார். இது சாமியார் வைத்த சட்டம் அல்ல. சாமியாராவது போகிற வழியில் நெல் விலை விசாரிப்பார். அப்பாவோ ஆண்டவரைச் சுமந்துகொண்டு வாயடிப்பது மரியாதை இல்லை என்று தானாகவே ஒரு விரதம் வைத்துக்கொண்டார். ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டும், நலம் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக அம்மா கூடப் போய்வந்தாள். ஒரு முதல் வெள்ளியன்று அம்மாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் காலாண்டு விடுமுறை. ஒன்பது வயதில் அப்பாவின் வாயாக இருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

சந்தோஷமாகத்தான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அப்பா ஒரு கதை சொல்லியிருந்தார். பழங்காலத்தில் கடவுளின் பேழையை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். மாடு இடறியது. பேழை சாயப் போனது. வண்டியோடு வந்த ஒருவன் கையை நீட்டித் தாங்கினான். தொட்ட இடத்திலேயே செத்து விழுந்தான். செத்து விழும் இடத்தில் அப்பா மேசையை ஓங்கித் தட்டினார், முன் வரிசைப் பையன் ஒருவன் அழுதுவிட்டான். நல்லதுக்குத்தானே தாங்கினான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. ஆண்டவர் இருக்கும் பெட்டியைத் தொட்டால் சாவு. இப்போது அந்தப் பெட்டி அப்பாவின் சட்டைக்குள் இருந்தது. அப்படியானால் அப்பாவையும் தொடக் கூடாது.

காலைப் பூசை முடிந்ததிலிருந்து அவரிடமிருந்து இரண்டடி தள்ளியே நடந்தேன். அவர் சாலையைக் கடக்கக் கை நீட்டியபோது என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்குப் போக வேண்டியது ஒரே ஒரு வீடு, தையல்கார அக்கா வீடு. நான் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தவர் அவர். கழுத்தில் முத்து வைத்து, கை நுனியில் லேஸ் வைத்து, இரண்டு தரம் அளவு பார்த்துத் தைத்தார். சர்க்கரை வியாதியில் அந்த வருஷம் அவருக்கு ஒரு கால் போய்விட்டது. தையல் மெஷின் போர்வை மூடிக் கிடந்தது. தினமும் காலையில் ஊசி போட்டாக வேண்டும். போட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பாடு, அதற்கு மேல் தள்ளினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். ஆனால் முதல் வெள்ளியன்று நன்மை வாங்காமல் அக்காவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. நோயாளிக்கு அந்த ஒருசந்தி தேவையில்லை என்று சாமியார் சொன்னார், அப்பாவும் சொன்னார். "கோயிலுக்கு நடந்து வர முடியலீங்க. இதையாச்சும் செய்யறனே" என்று அக்கா ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

கடைசியில் அப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பேருந்தில் ஏறியதும் அக்காவின் அம்மாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி. அரை மணியில் நாங்கள் போய்விடுவோம், நன்மை கொடுத்த கையோடு இட்லி. போன மாதம் வழியில் டயர் பஞ்சராகிப் பேருந்து தாமதமானதில் அக்கா மயங்கிவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர் அம்மா சர்க்கரையைப் புகட்டப் பார்த்தும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம்.

கோபி பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். "ஏறிட்டமுங்க" என்றேன். "சரி கண்ணு, ஊசி போட்டுர்றோம்" என்றது அந்தப் பக்கம். அப்பா போனை வாங்கித் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அப்பா வாய்க்குள்ளேயே செபம் சொல்லிக்கொண்டு வந்தார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. முதல் வெள்ளிகளில் அவர் தூங்கியதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த வாரம் இரண்டு கிராமங்களில் இரண்டு சாவு. மூன்று நாளாக அவர் வீட்டில் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. வாய்க்கால் பாலம் தாண்டியதும் உதடு நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

முதலில் நான் பயப்படவில்லை. நடத்துநர் தட்டி எழுப்புவார் என்றிருந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அன்றைக்கு வந்தவர் புது நடத்துநர். அவருக்கு அப்பாவைத் தெரியாது. அவரே தட்டினாலும் என்ன ஆகும்? கதையில் மாட்டு வண்டியோடு போனவனுக்கு என்ன ஆனதோ அதுதான் ஆகும்.

"அப்பா" என்றேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அரிசி ஆலை போயிற்று. வாழைத்தோட்டம் வந்தது. அதற்கடுத்தது நாங்கள் இறங்க வேண்டிய பால் சொசைட்டி. கை அவர் தோள் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது.

"பால் சொசைட்டி யாரும் எறங்கறீங்களா?" என்று நடத்துநர் பின்னாலிருந்து கேட்டார்.

பேசுவதற்கென்றே கூட்டிவரப்பட்டவள் நான். நாங்கள்தான் என்று சொன்னால் வண்டி நிற்கும். அப்பா எழ மாட்டார். நடத்துநர் வந்து அவரைப் பிடித்து உலுக்குவார். நெற்றியில் விபூதி வைத்திருந்த, சிரித்த முகமாக எனக்கு டிக்கெட் கொடுத்த அந்த மனிதர் என் கண் முன்னால் செத்து விழுவார். நான் வாயைத் திறக்கவில்லை. நடத்துநர் இரண்டு முறை விசில் ஊதினார். ஜன்னல் வழியாகப் பால் சொசைட்டியின் நீலக் கதவைப் பார்த்தேன். நிழலில் அக்காவின் அம்மா நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. சிமிழுக்கு நேர் மேலே இருந்தது அந்தப் பை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் அழ ஆரம்பித்தேன். எதிர்ப் பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார்.

"ஏங் கண்ணு அழுவறே? அப்பனுக்கு மேலுக்குச் சொகமில்லையா? எழுப்பி உடட்டுமா?"

"தொடாதீங்க" என்று கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. இந்தச் சத்தத்துக்கும் அப்பா விழிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அப்பாதான் காலையிலிருந்து பெட்டியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பா செத்துப்போயிருந்தால்?

இன்றைக்குக் கோயம்புத்தூரில் கணபதியிலிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் யாராவது அசையாமல் தூங்கினால் அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அந்தப் பழக்கம் அன்று பிடித்தது.

அடுத்த ஊரின் வேகத்தடையை ஓட்டுநர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. வண்டி தூக்கிப் போட்டது. எப்போதும் சாயாத அப்பா அப்படியே முன்னால் சரிந்தார். முன் இருக்கையின் இரும்புக் கம்பி அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. நான் இரண்டு கையையும் அவர் நெஞ்சில் கொடுத்துத் தாங்கினேன். யோசித்துச் செய்யவில்லை. பேழையைத் தாங்கிய அந்த ஆளும் யோசித்திருக்க மாட்டான். உள்ளங்கையில் வட்டமாகச் சிமிழ் அழுந்தியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவுக்காகக் காத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அப்பா விழித்திருந்தார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. நான் "எறங்கோணுமுங்க, நிறுத்துங்க" என்று அலறினேன்.

இறங்கிய இடத்திலிருந்து திரும்ப ஒரு மணி நேரத்துக்குப் பேருந்து இல்லை. அப்பா வெயிலில் வந்த வழியே ஓட ஆரம்பித்தார். ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். எந்த அடியில் விழுந்து சாவேனோ என்று நினைத்துக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். போன் மறுபடி அடித்தது. எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கொடுத்தார்.

"கண்ணு, எங்க இருக்கறீங்க? இவளுக்கு வேர்த்துக் கொட்டுது. கண்ணத் தொறக்க மாட்டீங்கறா."

நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அப்பா நின்றார். போனைப் பிடுங்கிக்கொண்டார். "சக்கரைய வாயில போடுங்கம்மா. நான் சொல்றனுங்க. பாவமெல்லாம் எம்மேல வரட்டும், போடுங்க." நெஞ்சில் ஆண்டவர் இருக்கும்போது அப்பா பேசிவிட்டார். இனி இரண்டு பேரும் சேர்ந்தே செத்துப்போவோம் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

அந்தப் பக்கம் பதிலுக்கு அழுகைதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார் அக்காவின் அம்மா.

மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு ஏற்றிக்கொண்டு மொபெட்டில் ஒருவர் வந்தார். அப்பா நடுச்சாலையில் கை இரண்டையும் விரித்து நின்றார். அந்த மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் தட்டுக்கட்டை ஓரமாக இறக்கிப் போட்டார். முன்னால் நான், பின்னால் அப்பா. வழி முழுக்கச் சிமிழ் வண்டி ஓட்டியவர் முதுகில் இடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவரும் சாகவில்லை. எங்களை இறக்கிவிட்டு, "வாரனுங்க" என்று தட்டை எடுக்கத் திரும்பிப் போனார்.

அக்கா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ரவிக்கை நனைந்திருந்தது. அவர் அம்மா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், பாதி கீழே சிந்தியிருந்தது. அப்பா முழங்காலில் விழுந்தார். வழக்கமாகச் சொல்லும் செபம் எதுவும் சொல்லவில்லை. நன்மையைக் கிள்ளி ஒரு துணுக்கை எடுத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். சத்தம் எழும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை அக்காவின் உதடு பிரிந்தது. துணுக்கை வைத்த கையோடு, டம்ளரை வாங்கி அவரே கரண்டியால் ஊட்டினார். ஒன்று, இன்னொன்று. அக்கா விழுங்கினார். அவர் கண்ணைத் திறக்கிற வரைக்கும் அப்பா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பஸ்ஸு லேட்டுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லீங்கம்மா. நான் தூங்கிப்போட்டனுங்க."

"தூங்குனா என்னங்க. அலையறீங்களே" என்றார் அக்கா. அப்பா மீதியிருந்த நன்மையையும் கொடுத்தார். செபத்தை இப்போது முழுவதும் சொன்னார்.

திரும்பும்போது பால் சொசைட்டி நிழலில் பேருந்துக்கு நின்றோம். "ஏஞ் சாமி என்னைய எழுப்பல?" என்று கேட்டார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை.

"தொட்டாச் செத்துருவாங்கன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க. பேழையத் தொட்டவன் செத்தானில்லீங்களா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நான் தொட்டுட்டனுங்கப்பா. எப்பச் சாவனுங்க?" என்றும் கேட்டேன்.

அப்பா என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காலிச் சிமிழ் என் கன்னத்தில் குத்தியது. ரொம்ப நேரம் விடவில்லை. சிமிழ்தான் காலியாகிவிட்டதே, இன்னும் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பேருந்து வந்தது. பாதி இருக்கைகள் காலி. என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்க என்று நடத்துநர் இரண்டு முறை சொல்லியும் கோபி வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

அந்தக் கதையை அப்பா அதன்பின் வகுப்பில் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்து வேலையை விடும்வரை, அத்தனை வருஷ முதல் வெள்ளிகளிலும் பேருந்தில் உட்காரவும் இல்லை. எங்கப்பா ஆண்டவருக்கு மரியாதை கொடுத்து நின்றுகொண்டே போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது சிமிழில் ஆண்டவர் இல்லையே, அப்போது யாருக்காக நின்றார் என்று அந்த வயதில் நான் கேட்டுக்கொண்டதே இல்லை.