கோலா நிறம்

கல்யாணமான இரண்டாம் வருடம், 2009 கோடையில், என் கணவர் சிதம்பரத்தில் நடக்கவிருந்த ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கடலூர் முதுநகரில் ஐஸ் பேக்டரியில் வேலை; முடிந்ததும் நேரே ஜிம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் பொரித்த மீனைத் தொடமாட்டார். முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த கோழி, அப்புறம் அந்தப் பவுடர்.

ஜிம் மாஸ்டர் வாங்கித் தந்த பெரிய கறுப்பு டப்பா அது. கூடவே அமினோ என்று கட்டைவிரல் தடிமனில் மாத்திரைகள். டப்பாவில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். புரோட்டீன் என்பது புரிந்தது. மீதி புரியவில்லை.

என் அப்பா கிட்னி கெட்டு இறந்தவர். மங்கலம்பேட்டையிலிருந்து அவரை டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் வந்தவள் நான். ஊசி குத்திக் குத்தி முண்டுமுண்டாக வீங்கிய அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "அந்த மாவு கிட்னிய அரிச்சிடும்டி" என்றாள். அன்றிலிருந்து என் கணவர் பவுடரைக் குலுக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

"மாமா, இது வேணாமே."

அத்தை மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவர் எனக்கு மாமாதான்.

"பால்லேர்ந்து எடுக்கறதுதான் புள்ள. சும்மா பயப்படாத."

போட்டியன்று காலை பஸ்ஸில் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் தொடை இழுத்துப் பிடிக்கிறது என்று நெளிந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், தள்ளிவிட்டார்.

"மேடை ஏறி எறங்கற வரைக்கும் தண்ணி கூடாது."

நரம்பு புடைத்துத் தெரியவேண்டும் என்பதற்காக முந்தின நாளே தண்ணீரை நிறுத்தியிருந்தார். அந்த வெயிலில், தொண்டை வறள வறள, அதே முந்தின நாள் சாயங்காலம் வரை எடையும் தூக்கியிருக்கிறார். எனக்கு அதெல்லாம் பஸ்ஸில்தான் தெரிந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என்னா மாமா?"

"ஒண்ணுக்கு கோலா மாரி போவுது புள்ள. கறுப்பா."

ஆட்டோவைக் கூப்பிட்டு அவரை உள்ளே தள்ளினேன். "போட்டிக்குப் பேர் குடுத்திருக்கு..." என்று ஆரம்பித்தவரை, "வாயத் தொறக்காத!" என்று அதட்டினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். டாக்டரம்மாவிடம், "பவுடர் சாப்டாருங்க, அதாலதான்" என்றேன்.

"பவுடர் மட்டும்னு சொல்ல முடியாதும்மா. தண்ணி குடிக்காம அளவுக்கு மீறி தூக்கியிருக்காரு. சதை செதஞ்சி ரத்தத்துல கலந்திருக்கு. அது கிட்னிய அடைக்குது. அந்த டப்பாவுல வேற என்னா கலந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிறுத்திடுங்க."

"டயாலிசிஸ் பண்ணணுமா?" என்று கேட்டேன்.

"மூத்திரம் நல்லா பிரிஞ்சா வேணாம். பாப்போம்."

அதன்பிறகு கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பையின் அடியில் கொஞ்சம், கறுப்பாகவே கிடந்தது. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்க வந்தபோதும் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். மறுநாள் மூத்திரம் பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்தது. இன்னும் சில நாளில் வெளுத்து மஞ்சளானது.

"பயமில்லம்மா, ரத்தத்துல உப்பு எறங்கிடுச்சி, டயாலிசிஸ் வேணாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கட்டிலில் இருந்தவர், "யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டியா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுபோனது.

அவர் மறுபடி ஜிம்முக்குப் போனார். மேடை மட்டும் ஏறவில்லை. அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இப்போதும் அவர் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் நான் கதவைத் தட்டிவிடுகிறேன். "இருக்கேன் புள்ள" என்று உள்ளேயிருந்து குரல் வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.