அண்டா இல்லாத பின்சீட்

என் மனைவி காரில் முன்சீட்டில் உட்காரமாட்டாள். மலேசியாவின் கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் இது பழைய வேடிக்கை. நான் காரை வெளியே எடுத்ததும் எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "டிரைவர், மேடம் ஏறியாச்சா?" என்பார். அவளே கண்ணாடியை இறக்கி, "ஏறியாச்சு, இவருக்குச் சம்பளம்தான் இன்னும் பேசல" என்று பதில் சொல்வாள்.

இதற்குக் காரணம் ஒரு சாம்பார் அண்டா. பல வருடங்கள் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கான சாம்பார் எங்கள் வீட்டில்தான் கொதித்தது. அண்டாவைப் பின்சீட்டின் காலடியில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். காரின் பின்பெட்டியான பூட்டில் சோற்றுப் பானை, வாழையிலைக் கட்டு, இடது மூலையில் விளக்குக்கான நல்லெண்ணெய் டின். வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும். "மெதுவா, மெதுவா. சாமிக்கு முன்னாடி உங்க சீட்டுக்கு அபிஷேகம் ஆயிரும்."

பிறகு கோயிலில் சமையலறை கட்டினார்கள். அண்டா அங்கேயே போய்விட்டது, எண்ணெய் டின் மட்டும் வெள்ளிதோறும் பூட்டில் வந்தது. இடுப்புக்கு வசதி என்று சொல்லிக்கொண்டு அவள் மட்டும் பின்சீட்டிலேயே இருந்துவிட்டாள்.

சென்ற ஆண்டின் கடைசியில் ஒருநாள் சொன்னாள். "ஏங்க, அண்டா இல்ல. ஆனா அண்டா சத்தம் வருது."

எனக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் காதில் ஏறியிருக்காது. அத்தனை வருடங்களும் பின்னால் எது இடித்தாலும் பாத்திரம்தான் என்று ஓட்டிப் பழகியவன் நான். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஒரு வார இறுதியில் எங்களோடு நெடுஞ்சாலையில் வந்தாள். லாரியை முந்த நான் தடம் மாறியதும், "அப்பா, முன்னாடி ஒரு பக்கம் போவுது, பின்னாடி தனியா யோசிக்குது லா. போதும், குடுத்துருங்க. புதுசா சின்னதா ஒண்ணு நான் எடுத்துத் தரேன்" என்றாள்.

மனைவி ஒரு கெடு வைத்தாள். "தைப்பூசத்துக்குள்ள சத்தம் நின்னா வெச்சுக்குங்க. நிக்கலைன்னா வண்டிய விட்டுரணும். பேச்சு மாறக் கூடாது."

சம்மதித்தேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, உடம்பில் துரு இல்லை என்று மட்டும் வாதாடினேன். எங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்குள் இருக்கின்றன என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். முதலில் பூட்டைக் காலி செய்தேன். என்றோ தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடிய பெரிய கரண்டி ஸ்பேர் டயருக்கு அடியில் கிடந்தது. இதுதான் சத்தம் என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெற்றியோடு உள்ளே போனேன். மறுநாளும் சத்தம் வந்தது. பிறகு அதிர்வைத் தாங்கும் பின் அப்சோர்பர் இரண்டையும் மாற்றினேன். கார் குதிப்பது நின்றது, இடிப்பது நிற்கவில்லை. டயர்களைத் தடவிப் பார்த்ததில் பின்னால் இடது டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தது. அந்தச் சக்கரம் நேராக நிற்கவில்லை என்று புரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

"முன்னாடி உக்காந்துக்கிட்டு பின்னாடி சத்தத்தத் தேடுனா எப்படிக் கிடைக்கும்? எறங்குங்க. நான் ஓட்டுறேன்" என்றாள் மனைவி.

அவள் ஓட்டினாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. தலைக்கு மேலே கூரைத் துணியில் மஞ்சள் கறை ஒன்று இருந்தது. எந்தச் சாம்பார் அவ்வளவு உயரம் எழும்பியது என்று அவளுக்குத்தான் தெரியும். இத்தனை காலம் என் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

பள்ளித் திடல் பக்கத்து வேகத்தடையில் முன்சக்கரங்கள் அமைதியாக ஏறி இறங்கின. பின்சக்கரங்கள் இறங்கும்போது 'டொக்'. காதைவிடத் தொடைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏதோ ஒன்று தன் கூட்டுக்குள்ளேயே நகர்ந்து இடிக்கும் கனத்த சத்தம். சமதளத்தில் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மேடு பள்ளம் எதுவும் இல்லை, ஆனாலும் அதே இடி, வால் ஒரு நொடி இடது பக்கம் இழுத்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் முனையில் புஷ் என்ற ரப்பர் வளையம் இருக்கும். அது கிழிந்திருந்தால்தான் சக்கரம் அப்படி நகரும்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"புஷ்ஷுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காதீங்க. நாளைக்கே காட்டுங்க."

செனாயில் வழக்கமாகப் போகும் பட்டறையில் காரை உயரத் தூக்கினார்கள். மெக்கானிக் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். வலது பக்கம் கொஞ்சம் அசைந்தது. இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்து 'டொக்' என்றது. மனைவி உடனே என் கையைத் தட்டினாள். "இதான். இதே சத்தம்."

மெக்கானிக் டார்ச்சை அடித்துப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதாண்ணே. ஆனா லெப்டு மட்டும் ஏன் இப்படி ஊதிக் கெடக்கு? அலமாக், கோயில்ல நிக்கிற மாதிரி வாசம் வேற."

மனைவி விரலால் தொட்டு முகர்ந்தாள். "நல்லெண்ணெய்."

பூட்டின் இடது மூலையில் சின்ன வடிகால் துளை ஒன்று இருந்தது. அதன் ரப்பர் மூடியைக் காணோம். டின்னிலிருந்து கசிந்த எண்ணெய் அந்த வழியாக நேரே புஷ்ஷின் மேல் சொட்டியிருக்கிறது.

"மூடிய யாருண்ணே புடுங்குனது?"

நான் அண்ணாந்து அந்தத் துளையைப் பார்த்தேன்.

"பூட்ட கழுவுனா தண்ணி போவணும்ல தம்பி" என்றாள் மனைவி.

"ரெண்டு பேருமே ரப்பர்த் தோட்டத்து ஆளுங்கன்னு சொல்வீங்க. எண்ணெய் பட்டா ரப்பர் என்னாகும்னு தெரியாதாக்கா? தெனம் எண்ணெய்க் குளியல் போட்டா தாங்குமா?"

"தெனம் இல்ல தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும்."

இரண்டு பக்கமும் புதிய புஷ் போட்டோம். காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரங்களில் நின்ற பிறகே போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரங்களின் கோணத்தையும் சரிபார்த்தார்கள். துளைக்குப் புது மூடி நானே போட்டேன்.

திரும்பும் வழியில் பள்ளித் திடல் வேகத்தடை வந்தது. ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை.

பின்னால் அவள் மகளுக்குப் போன் போட்டாள். "பாப்பா, நின்னுருச்சு. ஆமா, வெச்சுக்கறோம். ஒங்கப்பா மூஞ்சிய இப்ப நீ பாக்கணும்." போனை வைத்துவிட்டு, "திருப்புங்க. இன்னொரு தடவ ஏத்துங்க, கேப்போம்" என்றாள்.

திருப்பிக்கொண்டு வந்தேன். தடைக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து குரல் வந்தது. "மெதுவா, மெதுவா."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் கொஞ்சம் குனிந்திருந்தாள். ஒரு கை காலடிப் பக்கம் நீண்டு, அண்டாவின் விளிம்பு இருந்த உயரத்தில் விரித்தபடி நின்றது.