கல்லுக்கு மஞ்சள் பூசிய காலை

கல்லை உடைக்கத்தான் வருகிறார்கள் என்று நான் நம்பினேன். வயது ஐம்பது, இரண்டு பிள்ளைகள், பஜாரில் சொந்தமாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை, இவ்வளவும் இருந்தும் நம்பினேன். அதைவிட மோசம், அந்தக் கல்லை ஒரு சாமியாக்கிவிட்டால் எவனும் தொடமாட்டான் என்று நம்பியது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் மேல் லயத்தை, வரிசை வீடுகள் அத்தனையையும், எரித்தார்கள். பதுளை டவுன் கடைகளில் வேலைக்கு நின்ற எங்கள் ஆட்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. எல்லாமாகப் பதினொரு பேர். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு கமிட்டி போட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பாதையோரத்தில் இடுப்புயரக் கருங்கல் ஒன்றை நட்டோம். பதினொரு வரியில் பதினொரு பெயர். அடியில், 'எண்பத்து மூன்று கலவரத்தில் கொல்லப்பட்டவர்கள்.'

அந்தக் 'கொல்லப்பட்டவர்கள்' வேண்டாம் என்று கமிட்டியில் வாதாடியவன் நான்தான். 'காலமானவர்கள்' என்று போட்டால் யாருக்கும் மனம் நோகாது என்றேன்.

"ஏன் தம்பி, எல்லாரும் காய்ச்சல்லயா போனாங்க?" என்று கேட்டார் பக்கத்து லயத்து அக்கா. அதோடு என் வாதம் முடிந்தது.

அக்காவுக்கு இப்போது எழுபது நடக்கிறது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய புருஷன் பதுளையில் ஒரு சில்லறைக் கடையில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தார். கடை எரிந்தது தெரியும். ஆள் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. உடம்பு இல்லை, அதனால் குழி இல்லை, காரியம் இல்லை. மூன்று வருஷம் தாலியைக் கழற்றாமல் இருந்தார். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கல் நட்ட அன்று எழுத்து வெட்டியவரிடம் தன் புருஷன் எங்கே என்று கேட்டார். எட்டாவது வரி என்று அவர் காட்டினார். அன்று முதல் தினமும் காலையில் வந்து, மேலிருந்து ஒன்று இரண்டு என்று எண்ணி, எட்டாவது வரியின் பள்ளங்களுக்குள் விரலை விட்டு ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் போவார்.

மற்றவர்கள் கல்லை எடுத்துக்கொண்ட விதம் வேறு வேறு. அனுமதி எங்கே என்று தோட்டத்து மனேஜர் துரை ஒருநாள் கேட்டார், பிறகு கேட்கவில்லை. மேலே எங்கள் சங்கத்தின் பெயரைப் போடலாமே என்றார் தொழிற்சங்கத் தலைவர். செத்தவர்கள் பெயர் தேர் போகும் பாதையில் இருக்கக் கூடாது என்றது கோயில் கமிட்டி. இரண்டடி தள்ளி நட்டோம். இளவட்டங்கள் செல்ஃபி எடுத்தார்கள். படத்தை ஃபேஸ்புக்கில் போட்டபோது, 'இதெல்லாம் இப்போது எதற்கு' என்று சிங்களத்தில் ஒருவரும் தமிழில் இரண்டு பேரும் எழுதினார்கள்.

இந்த நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோக்காரத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கீழ் கிராமத்து ஆளுங்க அஞ்சு பேரு சந்தியில நிக்கிறாங்க. பேரு வெட்டின கல்லு எங்கன்னு கேக்குறாங்க."

"நம்ம ஆளுங்களா?"

"இல்லண்ணே, சிங்கள ஆளுங்க. ஒருத்தர் கையில நீளமா என்னமோ இருக்கு."

"அலவாங்கா?"

"இருக்கலாம்ண்ணே. சரியாத் தெரியல."

அலவாங்கு என்றால் கடப்பாரை; அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. எண்பத்து மூன்றில் எனக்கு எட்டு வயது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிக்கடியில் ஒரு பகலும் ஒரு இரவும் கிடந்தார். ஆகவே பயப்படுவது எப்படி என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் இந்த நாட்டில் பிறந்தவன்தான் என்று காட்ட, முதல் வேலையாகப் பிறப்புச் சான்றிதழைத் தேடினேன். ஊரில் உள்ளவன் எல்லோருடைய சான்றிதழையும் கொப்பி எடுத்துக் கொடுக்கிற எனக்கு, என்னுடையது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் எங்கள் கல்யாண அழைப்பிதழ் ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதை வைத்து யாரிடம் எதை நிரூபிக்க நினைத்தேனோ தெரியாது.

பாதி வழியில்தான் அந்த மகத்தான யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டால் அது மாடசாமி, இல்லாவிட்டால் முனி. லொறிக்காரர்கள் சிங்களவராக இருந்தாலும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வளைவில் திரும்புவார்கள். சாமிக் கல்லில் அலவாங்கு வைக்கிற துணிச்சல் இந்த மலையில் எவனுக்கும் கிடையாது. ஓடிப்போய்க் கோயிலிலிருந்து மஞ்சளும் குங்குமமும் திருநீறும் அள்ளிக்கொண்டேன். சிவப்புத் துணி கிடைக்கவில்லை. வேலியில் காய்ந்த யாரோ ஒருவரின் பாவாடையை உருவினேன்.

கல்லில் தண்ணீர் தெளித்து, மஞ்சளைக் களி போலக் குழைத்து, இரண்டு கையாலும் அப்பினேன். வெட்டிய எழுத்துக்குள் எல்லாம் மஞ்சள் இறங்கி மட்டமானது. பெயர் ஒன்றும் தெரியவில்லை. மேலே மூன்று திருநீற்றுப் பட்டை, நடுவில் பொட்டு, இடுப்பில் பாவாடை. ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தேன். பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றியது.

திரும்பினால் பின்னால் அக்கா நிற்கிறார்.

"எங்கடா எங்க வீட்டுக்காரரு?"

"உள்ளதான் இருக்காருக்கா. மஞ்சளுக்கு அடியில." விஷயத்தைச் சொன்னேன். "கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மாடசாமி. அவங்க போனதும் கழுவிடலாம்."

"சாமியாம் சாமி! திருவிழாவுக்குக் கூட கோயில் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன்." முதலில் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எட்டாவது வரி இருந்த இடத்தை விரலால் தேடினார். விரலில் மஞ்சள்தான் வந்தது. "நாப்பது வருசத்துக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு எடத்துல நின்னாரு. மறுபடியும் காணாம ஆக்கிட்டியே."

 

அதற்குள் ஐந்து பேரும் பாதையில் ஏறி வந்துவிட்டார்கள். முன்னால் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பின்னால் நாலு ஆண்கள். அலவாங்கு என்பது ஒரு நீளக் கறுப்புக் குடை. கல்லைக் கண்டதும் ஐந்து பேரும் செருப்பைக் கழற்றினார்கள். குடைக்காரர் கைகூப்பி, எந்தத் தெய்வம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாடசாமி" என்றேன். 

"பெயர் வெட்டிய கல் இங்கேதான் என்றார்களே?" என்றார் ஆசிரியை.

நான் மலையைப் பார்த்தேன். அக்கா தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் சொன்னார்: "இதுதான் மிஸ் அந்தக் கல்லு. நீங்க உடைக்க வாறீங்கன்னு இவருக்குப் பயம். அதான் சாமியாக்கிட்டாரு."

ஆசிரியை என்னைப் பார்த்தார். பிறகு மஞ்சள் வடிகிற என் கைகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கிய காலத்தில், வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம்; திரும்பி வரவே இல்லையாம். அவர்கள் கிராமத்தில் அப்படி ஆறு பேர். அவர்களுக்கும் ஒரு கல் வைக்கலாமா என்று ஊருக்குள் பேச்சு நடக்கிறதாம்.

குடைக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. "பழசைக் கிளறி என்ன கிடைக்கப்போகிறது? உங்களுடையதும் அப்படித்தான்" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஒங்க வீட்ல யாராவது போனாங்களா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லை."

"அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுதான்."

குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆனால் போய்விடவில்லை.

நான் மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மேல் மஞ்சள் போனது, எழுத்துக்குள் இறங்கியது போகவில்லை. அக்கா கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, மேலிருந்து எண்ணி, எட்டாவது வரியில் உட்கார்ந்துகொண்டார். ஆசிரியையும் தன் கொண்டை ஊசியை எடுத்து அக்காவின் பக்கத்தில் குந்தினார். எந்த எழுத்தில் தொடங்கலாம் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. இருவரும் கிளறிய எழுத்தைப் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருப்பது என் வேலையாயிற்று.

அவர்கள் வந்தது அளவெடுக்க. கல்லின் உயரம், அகலம், எழுத்தின் ஆழம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார்கள். டேப்பின் ஒரு முனையைக் குடைக்காரர் பிடித்தார். எழுத்து வெட்டியவரின் போன் நம்பரை நான் கொடுத்தேன். பத்தரை பஸ்ஸில் போய்விட்டார்கள். அக்காவின் வரி சுத்தமாவதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது. மற்றப் பத்து வரிகளையும் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது.