சம்பந்தி வீட்டு ஊலாங்

உயர்மலை ஊலாங் தேயிலையைச் சட்டியில் கொதிக்கவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, டின்பாலும் விட்டுக் குடித்தவன் நான். டொரொண்டோவில் என் மகள் விரும்பிய பொடியனின் தகப்பன், தாய்வான்காரர், கொடுத்தனுப்பிய முதல் பரிசு அது. மிளகைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டைகள். தாராளமாக ஒரு கை அள்ளிப் போட்டேன். கொதிக்கக் கொதிக்க ஒவ்வோர் உருண்டையும் முழு இலையாக விரிந்து சட்டியை நிரப்பிவிட்டது. தேத்தண்ணியா, கீரைக்கறியா என்று மனைவி கேட்டாள். மகள் அழுதேவிட்டாள்.

அந்த இலை முகில் படியும் மலையில், குளிரில் ஆறுதலாக வளர்வதாம். பறித்து வெயிலில் வாடவிட்டு, விளிம்பு கன்றும்படி குலுக்கி, முழுதாகச் சிவக்குமுன் சூடு காட்டி நிறுத்தி, துணியில் கட்டி உருட்டிக் காயவைப்பார்களாம். மகள் மூக்கைச் சிந்தியபடி சொன்னாள். ஞாயிறன்று பொடியனின் தகப்பன் வீட்டுக்குப் போகிறோம், மனிதர் ஆளை எடைபோடுவதே தேநீர் மேசையில்தான், “பகிடி விடாம இரிங்கப்பா” என்றாள்.

பகிடி விடவில்லை. அவர் எலுமிச்சங்காய் அளவான மண் கேத்தலில் இலையைப் போட்டு, சுடுநீர் விட்டு, உடனே கோப்பைகளில் ஊற்றினார். நான் மடக்கென்று குடித்துவிட்டேன். அது இலையைக் கழுவிய தண்ணீர். கோப்பையைச் சூடாக்கிவிட்டுக் கொட்ட வேண்டியது. மனிதர் ஒரு கணம் யோசித்து, தன் கோப்பையையும் எடுத்துக் குடித்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிறகு வந்ததுதான் தேநீர். பால் விடாமலே பால்வாசம். ஊரில் கரடியனாற்று வயல்வட்டையில் கதிர் பால்பிடிக்கும் நாட்களில் விடியற்காலை வயல் மணப்பது மாதிரி. விழுங்கியபின் தொண்டையில் சீனியில்லாத ஓர் இனிப்பு. ஆனால் ரசிக்க அவகாசம் இல்லை. சம்பந்தம் பேசப்போன வீட்டில் கோப்பையில் மிச்சம் வைத்தால், எங்கள் பக்கத்தில் அது ‘உங்கள் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம்’ என்பதற்குச் சமம். அவர்களிடமோ விருந்தாளியின் கோப்பை வெறுமையாயிருந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். நான் குடிக்க, அவர் ஊற்ற, மறுபடி நான் குடிக்க, அதே இலை சளைக்காமல் சாயம் விட்டுக்கொண்டேயிருந்தது. கழிவறைக்குப் போய்வந்தால் கோப்பை நிறைந்திருக்கும். அவர் நெற்றியிலும் வேர்வை. கடைசியில் வயிறு கௌரவத்தை வென்றது. நிறைந்த கோப்பையை அப்படியே விட்டுவிட்டுக் கைகூப்பினேன். மகளின் கல்யாணத்தைக் கெடுத்தாயிற்று என்று தலைகுனிந்திருந்தேன். அவரோ பெருமூச்சு விட்டு, கேத்தலை ஒதுக்கிவைத்து, கல்யாணத்துக்கு எந்த மாதம் வசதி என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் ‘போதும்’ என்பதே நிறைந்த கோப்பையைத் தொடாமல் விடுவதுதானாம்.

கல்யாணத்துக்குச் சொல்ல ஊருக்கு வந்து, செட்டிபாளையத்தில் அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். மூத்தவள் அவள், அவள் ஓம் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு பந்தல்காலும் நடமுடியாது. பெட்டியிலிருந்த ஊலாங்கை முறைப்படி வடித்துக் கொடுத்தேன். முதல் தண்ணீரை நான் முற்றத்தில் கொட்டியதை அத்தான் துக்கத்தோடு பார்த்தார். அக்கா கடைசித் துளிவரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“பொடியன்ட அப்பா நல்ல மனுசன்தான் தம்பி. வெறுஞ் சுடுதண்ணிய எவ்வளவு மரியாதையா ஊத்தித் தந்திரிக்கார். கல்யாணத்தச் செய்வம்” என்று எழும்பினாள். “நீ இரு, நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”