அக்கா சொன்ன விமர்சனம்

பதினோரு வயதில் எனக்கு எந்தப் படத்தைப் பற்றியும் தடங்கலில்லாமல் பேச வரும். யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துப் பார்த்து வந்த வித்தை. முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை, பின்னணி இசை மிரட்டல் என்று பார்க்காத படத்துக்கும் சொல்வேன். அதனால் அம்பத்தூரில் அந்தக் கடத்தல் படம் முடிந்து வெளியே வந்தபோது, தியேட்டர் வாசலில் மைக்குடன் ஒரு அண்ணன் நிற்பதைக் கண்டதும் கூட்டத்தில் புகுந்து முன்னால் போய் நின்றேன்.

படத்தில் மூன்று உதவாக்கரைகள் ஒரு பணக்காரரைக் கடத்தப் போய், ஆள் மாறி அவருடைய கணக்குப்பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவார்கள். விட்டால் போலீஸுக்குப் போவான், கொல்லத் தைரியமில்லை. கட்டிலோடு சங்கிலி போட்டு, வேளாவேளைக்குப் பிரியாணி வாங்கி ஊட்டுவார்கள். அவன் வீட்டுக்குப் போகணும் என்று அழும்போதெல்லாம் தட்டில் இன்னொரு லெக் பீஸ் விழும். தியேட்டரே குலுங்கியது. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். மைக்கில் ஒருவர், "செம காமெடி மாமே. இந்த மாரி கடத்துனா நானே போய் மாட்டிக்குவேன்" என்றார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், கடைசியில் ரத்தம் அதிகம், பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள் என்றாள். அடுத்து நான் ஒப்பித்தேன். மைக் அண்ணன் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அக்காவிடம் நீட்டினார். சினிமா பற்றி ஒன்றுமே தெரியாத அக்காவிடம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. வேளைக்கு சோறு போட்டா போதுமா? கதவத் தொறந்து வுட வேணாமா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீடியோவில் என்னை வெட்டியிருந்தார்கள். அக்காவின் பேச்சை மட்டும் தனியாக எடுத்துப் போட, எங்கள் கொரட்டூர் முழுக்க அது சுற்றியது. என் வகுப்புப் பிள்ளைகள் அவளோடு செல்ஃபி எடுக்க வீட்டுக்கே வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பின்னணி இசை பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா? தலை பின்ன அவளிடம் போவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா படிப்பை முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். ஐடி கம்பெனியில் கிடைத்த வேலைக்கு அப்பா அனுப்பவில்லை. "ஊட்ல உனக்கு இன்னா கொறை?" என்பார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நாட்களில் பேக்கரியிலிருந்து பிளம் கேக் வாங்கி வருவார். அதிலும் எனக்குப் பொறாமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, யாரோ அப்பாவிடம் போனை நீட்டி, உங்கள் பெண் கலக்கிவிட்டாள் என்றார்கள். அப்பா நின்றபடியே பார்த்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். இருமல் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வீட்டுக்கு வந்து மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தபடியே அக்காவிடம் கேட்டார்.

"அந்த கம்பெனிக்காரங்க இன்னும் கூப்புடறாங்களா?"

"போன வாரங்கூட கூப்ட்டாங்கப்பா."

"சரி, போய்க்கினு வா" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அக்கா முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா அழுதாள். வீடியோவில் வந்ததற்குப் பரிசாகத்தான் வேலைக்கும் அனுப்புகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே உட்கார்ந்து குமைந்துகொண்டிருந்தேன். ஒரு படத்தை ஒழுங்காக விமர்சிக்கத் தெரியாதவளுக்கு இத்தனை மரியாதையா? அன்று தியேட்டர் வாசலில் அக்கா படத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு விளங்க, இன்னும் பல வருடங்கள் ஆக வேண்டியிருந்தது.