இடத்தோள் துவக்கு

எங்கள் வாப்பாவின் துவக்கை அந்த முதலாளி கோணல் என்றார். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அது இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துவக்கு. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் என் வாப்பாவின் வாப்பாவுக்குக் கொடுத்தது. சண்டைக் காலத்தில் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தோம். சண்டை முடிந்து சில வருடம் கழித்துத் திரும்பி வந்தது. வாப்பா அதற்குத் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் எங்கள் மாம்புரி.

வாப்பா இடக்கைக்காரர். சாப்பிடுவது, சலாம் கொடுப்பது எல்லாம் வலக்கைதான். அதை அடித்துப் பழக்கியிருந்தார்கள். துவக்கை மட்டும் இடத்தோளில் வைப்பார். கௌதாரி எழும்பினால் தப்பாது. நானும் இடக்கைதான். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையின் விரல் மொளியிலேயே அடிமட்டத்தால் அடித்தார்கள். ஐந்தாம் வகுப்போடு போவதை நிறுத்தினேன். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கில்லை.

வாப்பா மௌத்தான பிறகு நானா, ராத்தா, நான் என்று பிள்ளைகள் மூன்று பேரும் பங்கு பிரித்தோம். துவக்கை அறுத்துப் பங்கு வைக்க முடியாது. மூத்தவர், பாலாவியில் கடை வைத்திருக்கும் நானா, ஒரு வழி சொன்னார். "விலை போடுவம். நமக்குள்ள யாருக்கும் வேணுமெண்டா மத்த ரெண்டு பேர்ட பங்கையும் குடுத்திட்டு எடுக்கட்டும். இல்லாட்டி விப்பம்."

எனக்கு வேண்டும். சொல்லவில்லை.

விலை போட வந்தவர் முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்ட முதலாளி. ஐரோப்பாவில் செய்த பழைய வேட்டைத் துவக்குகள் பல அவர் வீட்டில் இருக்கின்றனவாம். கதிரையில் இருந்தபடியே துவக்கை வலத்தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திருப்பி, தோளில் பதியும் மரக் கட்டையை நானாவுக்குக் காட்டினார். ஒரு விரல் அளவு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

"பாருங்க, கட்ட கோணிப் போச்சி. ஈரத்தில கிடந்த மரம். இனி இது சுவர்ல மாட்டத்தான்."

அவர் சொன்ன விலைக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம்.

நானா சிரித்தார். "வாப்பாவும் கோணல், துவக்கும் கோணல். மிச்சமிரிக்கிறது இவன்தான்" என்று என்னைக் காட்டினார். முதலாளியும் சிரித்தார். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவ கைம்பெண். நாங்கள் கூடியிருந்த அந்த வீட்டில்தான், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறா.

அந்த விலையென்றால் என்னால் கொடுக்க முடியும். துவக்கு என் கைக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், முப்பது வருடமாக அதைத்தானே செய்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் மொளியில் பட்டது.

எழும்பிப் போய்த் துவக்கை வாங்கினேன். இடத்தோளில் வைத்தேன். குழல் கண்ணுக்கு நேராக ஓடியது.

"இது கோணல் இல்ல. இடக்கை ஆளுக்கெண்டே செஞ்சது" என்றேன். "குழலத் தெறக்கிற இரும்பு நாக்கப் பாருங்க. மத்தத் துவக்குகள்ல வலப்பக்கம், இதில இடப்பக்கம்தான் தள்ளுப்படும். ஈரம் பட்டு இரும்பும் கோணுமா?"

முதலாளியின் முகத்தில் வெட்கம் இல்லை, திகைப்பும் இல்லை. அவருக்கு முதலிலேயே தெரியும்.

"தம்பி விசயம் தெரிஞ்ச ஆள்" என்றார். "இடக்கைத் துவக்கு கிடைக்கிறது கஷ்டம்தான்." பிறகு சொன்ன விலை முதல் விலையைப் போல் இருபது மடங்கு.

நானா உடனே சம்மதித்தார். தன் பங்கு இல்லாமலே சமாளிக்கக்கூடியவர் அவர். என்னைப் பார்த்து, "இத இவர் வந்தோடனேயே செல்லியிருக்கலாமே" என்றார். ராத்தா கூரையை அண்ணாந்து பார்த்தா. அவவோடு எனக்குக் கோபமில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அவவின் பங்கைத்தான் தின்றிருப்பேன். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. பொய் சொன்னவன் துவக்கைக் கொண்டுபோகிறான், உண்மை சொன்னவன் வெறுங்கையோடு நிற்கிறான்.

அரசாங்கக் கச்சேரியில் லைசன்ஸ் மாற்றிக்கொண்டு முதலாளி வந்த அன்று, துவக்கை எடுத்துக் கொடுக்கச் சொல்லி நானா என்னிடம்தான் சொன்னார். முதலாளி இரண்டு கையையும் நீட்டினார். நான் இடக்கையால் கொடுத்தேன்.

"வலக்கையால குடுடா" என்றார் நானா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கையை மாற்றவில்லை. முதலாளி அதை வாங்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.