நெவில் ஆக்ராய்டின் பதினோரு மாதங்கள்

நெவில் ஆக்ராய்டுக்கு இப்போது இருபத்தாறு வயது. வட இங்கிலாந்தில் டியூஸ்பரியில் ஒரு கடையில் கம்பளம் அளந்து வெட்டித் தருகிறான். வாங்க வருகிறவர் கொஞ்சம் இளவயதாக இருந்தால் போதும், அளவு நாடாவை நீட்டியபடியே தனக்கு ஒரு இசைக்குழு இருந்த கதையைத் தொடங்கிவிடுவான். லண்டன் கம்பெனிக்காரர்கள் தன்னை நசுக்கிவிட்டார்கள் என்பான். காலத்துக்கு முன்னால் வந்துவிட்டோம் என்று முடிப்பான். அந்தக் குழுவில் என் அக்கா லொரெய்ன் டிரம்ஸ் வாசித்தாள். நடந்ததில் பாதியை எங்கள் வீட்டுச் சமையலறையிலும் மீதியைத் தொழிலாளர் கிளப்பிலும் நான் நேரில் பார்த்தேன். அவனை யாரும் நசுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் அப்பா பஸ் ஓட்டுகிறவர். அம்மா பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவர். இருவரும் சத்தமாகச் சிரிக்கிறவர்கள், தெருவில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறவர்கள். இது நெவிலுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பதினேழு வயதில் ஒரு நீளமான சாம்பல் நிறக் கோட்டு வாங்கி மாட்டினான். ஜூலை மாதத்திலும் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டான். சிரிப்பதை நிறுத்தினான். செய்தி வாசிக்கிறவர்போலப் பேசத் தொடங்கினான். அந்த வருடம் ஊருக்கு ஊர் இப்படி நாலு பேர் கிளம்பியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கோட்டு, ஒரே முகம். ஆனால் தான் மட்டுமே தனி என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்தான்.

1980 இலையுதிர்காலத்தில் குழு தொடங்கியது. பெயர் பேப்பர் கான்சல்ஸ். மூன்றே பேர். பேக்கரியில் வேலை பார்த்த டெரெக் சக்டன் கிட்டார். பிஸ்கட் ஃபேக்டரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த லொரெய்ன் டிரம்ஸ். தேவாலயத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் முரசு அடித்துப் பழகியவள் அவள். பாட்டு எழுதுவது, பாடுவது, கீபோர்டு, சட்டதிட்டம் எல்லாம் நெவில். மேடையில் சிரிக்கக் கூடாது. பாட்டுக்கு நடுவே வணக்கம், நன்றி எதுவும் சொல்லக் கூடாது. பெர்லினைப் பற்றி மூன்று பாட்டு எழுதினான். அவன் வாழ்க்கையில் போன மிகத் தூரமான ஊர், காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய பிரிட்லிங்டன் கடற்கரை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த வாளி பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அதை அவன் ஆழம் என்று சொல்லிக்கொண்டான்.

மறு வருடம் மார்ச்சில் ஹடர்ஸ்ஃபீல்டில் இரண்டே நாளில் ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார்கள். ஐந்நூறு பிரதி. ஒரு பக்கம் ‘நிர்வாகம்’ என்ற பாட்டு, மறுபக்கம் பெர்லின். பெரிய தட்டு அது. அந்த அளவுத் தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றிலும் ஓடும், நாற்பத்தைந்திலும் ஓடும். வேகம் கூடினால் தாளமும் விரையும், குரலும் மெலிந்து மேலே ஏறும். எதில் ஓட்ட வேண்டும் என்று நடுவில் ஒட்டும் தாளில் அச்சிட்டிருந்தால்தான் தெரியும். இவர்களுடையது முப்பத்துமூன்று. தட்டு அச்சடிக்கிற இடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, தாளில் வேகம் போட வேண்டாமா என்று கேட்டார்கள். நெவில் வேண்டாம் என்றான். குழுவின் பெயரைத் தவிரத் தாளில் ஒரு எழுத்தும் இருக்கக் கூடாதாம், வெறும் சாம்பல் நிறம்தானாம். கேட்கிறவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றான்.

"மாவு மூட்டைலகூட எடை போட்டிருப்பான்டா" என்றான் டெரெக்.

"இது மாவு மூட்டை இல்ல" என்றான் நெவில்.

ஐந்நூறில் அறுபது விற்றது. அதில் பாதி அவன் அம்மா பள்ளிக்கூட ஆயாக்களிடம் தள்ளியது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். முன்கூட்டியே தகவல் வந்ததால் மூவரும் எங்கள் சமையலறையில் காத்திருந்தார்கள். அறிவிப்பாளர் தாளைப் பார்த்திருக்கிறார், எண் எதுவும் இல்லை, நாற்பத்தைந்தில் விட்டுவிட்டார். ரேடியோவிலிருந்து ஒரு பெண் பாடினாள். மெல்லிய, சில்லென்ற குரல். தாளம் காலை ஆட்டச் சொன்னது. நெவிலின் இழவுப் பாட்டு திடீரென்று ஆட்டப் பாட்டாகியிருந்தது. இந்தப் பொண்ணு யாருன்னு தெரியலை, ஆனா நல்லாப் பாடுது என்று அறிவிப்பாளர் சொன்னார்.

லொரெய்ன் மெதுவாக, நல்லாத்தான் இருக்கு என்றாள். நெவில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரேடியோ நிலையத்தைத் திட்டுவதற்காகத் தெருமுனைத் தொலைபேசிக்குப் போனான். லைன் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பாட்டை மூன்று தடவை போட்டார்கள். கடைகளில் மிச்சமிருந்த தட்டுகள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு அவன் தொலைபேசிப் பக்கமே போகவில்லை. இன்னும் ஆயிரம் அச்சடித்தார்கள். அதிலும் வேகம் போடவில்லை. முப்பத்துமூன்று என்று போட்டால் அந்தப் பெண் காணாமல் போவாள். நாற்பத்தைந்து என்று போட்டால் நெவில் காணாமல் போவான்.

ஆகஸ்டில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. ஜூலியன் ஃப்ரெய்ன் என்பவர், ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர். முழு நீள ஆல்பம் ஒன்று போடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கிறேன், குறிப்பாக அந்தப் பாடகியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நெவில் ஆசைப்பட்டது அந்த ஆல்பம் ஒன்றுக்குத்தான். படுக்கை அறைச் சுவரில் அதன் அட்டையைக்கூட வரைந்து ஒட்டியிருந்தான். உண்மையை ஒரே வரியில் பதிலாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேறு திட்டம் போட்டான். லொரெய்ன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அந்த வேகத்தில், அந்த உச்சத்தில் பாட வேண்டும். அவன் முன்னால் நின்று, அணைத்து வைத்த மைக்கில் வாயசைப்பான். ஆண் உடல், பெண் குரல், இது ஒரு புது வடிவம் என்று எங்களுக்கு விளக்கம் வேறு கொடுத்தான்.

அந்த ஞாயிறு வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் அப்பாவே தன் தொழிலாளர் கிளப்பில் சொல்லி, மத்தியான நிகழ்ச்சியில் இடம் வாங்கிக் கொடுத்தார். எண் கூப்பிட்டுப் பரிசுக்கு ஆடும் ஒரு பிங்கோவுக்கும் அடுத்த பிங்கோவுக்கும் நடுவே இருபது நிமிடம். கிளப் செயலாளர் வில்ஃப் பிக்கர்ஸ்கிலுக்கு இசைக்குழு, மாயவித்தைக்காரன், பேசும் பொம்மை எல்லாம் ஒன்றுதான். பிங்கோ தவறக் கூடாது, பை ஆறக் கூடாது. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அந்தப் பை வந்துவிட்டால், மேடையில் யார் இருந்தாலும் ஏறிப் போய்ச் சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்துக் கிளப்புகளில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நெவிலுக்கும் தெரியும். ஆனால் தனக்கு அப்படி நடக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

‘நிர்வாகம்’ தொடங்கியது. நெவில் அசையாமல் நின்று வாயைத் திறந்தான். பின்னாலிருந்து லொரெய்னின் குரல் வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அவனை இடுப்புத் துணி கட்டிய நாளிலிருந்து பார்த்தவர்கள். முன் மேசையில் ஒருவர் பீரை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா நெவில், உன் வாய்க்குள்ள யாரு உக்காந்திருக்கா?"

கூடம் சிரித்தது. அவன் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நெவில் இறுகிய முகத்தோடு தொடர்ந்தான். கதவோரம் நின்ற ஃப்ரெய்ன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பை வந்தது. வில்ஃப் மேடையேறி, நெவில் கையிலிருந்த மைக்கை வாங்கி ஊதினார். சத்தம் வரவில்லை. புரட்டிப் பார்த்து விசையைத் தட்டினார். "பை வந்தாச்சு. சூடா இருக்கு. தம்பி பாடி முடிக்கட்டும்னு யாரும் காத்திருக்க வேணாம்" என்று சொல்லி, மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

விசையை அணைக்கவில்லை.

நெவில் வெறுமனே வாயசைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவன் கர்வம் அதற்கு விடவில்லை. முதலிலிருந்தே தன் சொந்தக் குரலில், கூடத்துக்குக் கேட்காத சத்தத்தில் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அடுத்த அடியில் கிணற்று வாளி கூடம் முழுக்க முழங்கியது. மேலே லொரெய்ன், கீழே அவன். பை எடுக்கப் போனவர்கள் தட்டோடு நின்று சிரித்தார்கள். அவன் அம்மா கைக்குட்டையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

முடிந்ததும் ஃப்ரெய்ன் கையில் பாதி கடித்த பையோடு மேடைக்குப் பின்னால் வந்தார். தட்டு முப்பத்துமூன்றா என்று டெரெக்கிடம் கேட்டார். ஆமாம் என்றான். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். பாட்டு நன்றாக இருக்கிறது, லொரெய்ன் பாடட்டும், நெவில் எழுதிக் கீபோர்டு வாசிக்கட்டும், ஆல்பத்தை ஜனவரியில் பதிவு செய்யலாம் என்றார்.

சுவரில் வரைந்து ஒட்டியது அப்படியே அவன் முன்னால் வந்து நின்றது. பாட்டும் அவனுடையது, குழுவின் பெயர் பதிவாகியிருந்ததும் அவன் பெயரில்தான். அவன் சரி என்றால் போதும்.

"என் குரல் இல்லாம இந்தப் பாட்டு இல்ல" என்றான் நெவில்.

லொரெய்ன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "நெவில், நீ ஒரு வருஷமா கேட்டத தட்டுல வச்சுக் குடுக்கறாரு. சரின்னு சொல்லுப்பா."

"அவருக்கு வேணும்கறது நான் இல்ல."

"நீ இல்லதான். உன் பாட்டுதான். அது போதாதா?"

போதவில்லை. அவருக்கு வேண்டியது நான் இல்லை என்றானே, பதினோரு மாதத்தில் அவன் நடிக்காமல் பேசியது அந்த ஒரு வரிதான், ஆனால் அதையும் கல்லைப்போலத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். என் கையெழுத்து இல்லாமல் யாரும் இதைப் பாடக் கூடாது என்று ஃப்ரெய்னிடம் சொல்லிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். ஃப்ரெய்ன் பையைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நாலு மணி ரயிலுக்குக் கிளம்பினார். மறுபடி எழுதவில்லை. கலை சார்ந்த காரணங்களுக்காகக் குழுவைக் கலைத்துவிட்டதாக நெவில் ஒரு இசை வாரப் பத்திரிகைக்கு அறிக்கை அனுப்பினான். அவர்கள் இரண்டு வரி போட்டார்கள்.

குரல் மோசம் என்பதற்காக நான் அவனை இகழவில்லை. பாட்டு நல்ல பாட்டு. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கள். லொரெய்ன் ஆறு மணி ஷிப்டுக்குப் போனாள். கிளப்பில் இருந்தவர்களில் நாலைந்து பேர் அவளோடு பெட்டி அடுக்குகிறவர்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பாடிக் காட்டு என்று கேட்டார்கள். பாடினாள். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி அடுக்கும் வரிசை முழுவதும் பல்லவியைச் சேர்ந்து பாடியது, நாற்பத்தைந்து சுற்று வேகத்தில். அதற்கு அவர்கள் யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை.